உன் கைடை நீ தேர்ந்தெடு!

கைடு அலாட்மென்ட் லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற நாளுக்காகக் காத்திருக்கிறாயா? காத்திருக்காதே! மனிதன் ஏன் முடிவெடுக்கத் தயங்குகிறான், ஏன் கூட்டத்தோடு ஒத்துப்போகிறான் என்று மூன்று வருடமாகத் தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதியவள் நீ. இந்த உளவியல் படிப்பில் நீ சொந்தமாகச் செய்யப்போகிற முதல் வேலை உன் ஆய்வேடு. அதை யாருடைய மேற்பார்வையில் செய்வது, யார் கையில் படிக்கக் கொடுப்பது என்ற முடிவை ரோல் நம்பர் வரிசையிடம் விட்டுவிடுவாயா?

“எந்த கைடு வந்தாலும் பரவாயில்லை, பாஸானால் போதும்.” ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பிள்ளைகள் இப்படிச் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. வெறும் பாஸுக்காகவா உன் அப்பா சிப்காட்டில் வருஷக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்தார்? வெறும் பாஸுக்காகவா உன் அம்மா ரோஜாப் பண்ணையில் முள் குத்திய விரலோடு உன் செமஸ்டர் ஃபீஸைக் கட்டினாள்? உன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நீயாக இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், பேராசிரியர் அறை வாசலில் தயங்கி நிற்பதற்கு உனக்கு நேரமே இல்லை!

முதலில் ஏற்பாடு என்ன என்று தெரிந்துகொள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இளங்கலை மூன்று ஆண்டு. கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்தான் பலருக்கு ஆய்வுக்கான ஒரே வாய்ப்பு. அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருவில் படிக்கிற நம் பிள்ளைகளில் சிலர் ஆனர்ஸ் போகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரையறைப்படி, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தவர் நான்காம் ஆண்டில் ஆய்வோடு கூடிய ஆனர்ஸ் பட்டத்துக்குப் போகலாம். அதில் ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட். கர்நாடக அரசு 2021இல் நான்காண்டு முறையைக் கொண்டுவந்து 2024இல் மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆனர்ஸ் தொடர்கிறது. ப்ராஜெக்ட் என்றாலும் ஆனர்ஸ் ஆய்வேடு என்றாலும் உனக்கு வேண்டிய ஆட்கள் அதே ஆட்கள்தான். உன்னை வழிநடத்த ஒரு கைடு. நீ எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்க ஒன்றிரண்டு வாசகர்கள். வைவாவில் எதிரே உட்கார ஓர் எக்ஸ்டர்னல்.

இவர்களைத் தேடிப் போவதற்கு முன்னால் உன் கையில் ஒன்று இருக்க வேண்டும். உன் கேள்வி! வெறுங்கையோடு போனால் அவர்களிடம் இருக்கிற பழைய தலைப்பு ஒன்றை உன் தலையில் கட்டுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. நீ கேள்வி கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

“எங்க ஊர்ல என்ன மேடம் இருக்கு ஆராய்ச்சி பண்ண?” என்கிறாயா? கண்ணைத் திறந்து பார்! 1980களிலேயே அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வந்து இறங்கிய ஊர் ஓசூர். போச்சம்பள்ளிப் பக்கம் அமைத்த ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் ஓலா நிறுவனம் அறிவித்தது. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்துகூட இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது கேட்கிறது. இப்போது இந்தியும் சேர்ந்துவிட்டது. பதினெட்டு, இருபது வயதில் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, மொழி தெரியாத ஊரில், அறைக்கு இத்தனை பேர் என்று தங்கியிருக்கிற ஒரு பெண்ணின் தனிமை எப்படிப்பட்டது? மூன்று ஷிஃப்ட் சுழலும் வீட்டில் வளர்கிற குழந்தை அப்பாவை எப்போது பார்க்கிறது? தளியிலும் தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களிலும் பள்ளியை விட்டு நின்ற பெண் கம்பெனி வேலைக்கு வந்ததும் அவள் கல்யாணத்தைப் பற்றிய பேச்சு வீட்டில் எப்படி மாறுகிறது? லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றவே தோன்றாது. உனக்குத் தோன்றும், ஏனென்றால் உன் வீட்டுத் திண்ணையில்தான் அவை உட்கார்ந்திருக்கின்றன.

உள்ளூர்க் கேள்வி சின்னக் கேள்வி என்று எவராவது சொன்னால் பாட்னாவின் ஜமுனா பிரசாத்தைச் சொல். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதற்குப் பிறகு மக்களிடையே பரவிய வதந்திகளை அவர் திரட்டி ஆராய்ந்து 1935இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் பெரிய சேதம் எதையும் கண்ணால் காணாத பகுதிகளில், இதைவிடப் பேரழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் ஓடியிருந்தன. பயந்துபோன மக்கள் பயத்தைக் கூட்டுகிற கதைகளையே ஏன் நம்ப வேண்டும்? இந்த முடிச்சு பல வருடம் கழித்து அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரைப் பிடித்து ஆட்டியது. பயம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதற்கேற்ற காரணம் வெளியே இல்லை, வதந்தி அந்தக் காரணத்தைத் தருகிறது என்று அவர் யோசித்தார். டார்ஜிலிங் நிலச்சரிவைப் பற்றி துர்கானந்த் சின்ஹா 1952இல் வெளியிட்ட ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சேதத்தை நேரில் கண்ட அந்த மக்களிடம் அப்படிப்பட்ட வதந்திகள் எழவில்லை. ‘காக்னிடிவ் டிஸொனன்ஸ்’ என்று நீ ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தாயே, 1957இல் புத்தகமாக வந்த அந்தக் கோட்பாட்டின் வேரில் பீகார் மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூளகிரி மண்ணும் கெலமங்கலம் மண்ணும் அதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

சரி, கேள்வி கிடைத்துவிட்டது. ஷிஃப்ட் தொழிலாளர்களின் தூக்கத்தைப் பற்றி ஆராயப் போகிறாய் என்று வைத்துக்கொள்வோம். தூக்கத்தின் தரத்தை அளக்க உலகம் முழுக்கப் புழங்குகிற பிட்ஸ்பர்க் வினாநிரல் 1989இல் வெளிவந்தது. கடந்த ஒரு மாதத்தில் வழக்கமாக இரவு எத்தனை மணிக்குப் படுக்கப் போனீர்கள் என்பதுதான் அதன் முதல் கேள்வி. இதை எடுத்துக்கொண்டு போய், வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறுகிற அண்ணனிடம் கொடு. ஏ ஷிஃப்ட் வாரத்தில் அவர் பத்து மணிக்குப் படுக்கிறார். பி ஷிஃப்ட் வாரத்தில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டு, சாப்பிட்டுப் படுக்க ஒரு மணி ஆகிறது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் அவர் படுப்பது காலை ஒன்பது மணிக்கு. எந்த மணியை எழுதுவார்? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்ப்பார். கட்டம் காலியாக இருக்கிறதே என்பதற்காகவும், படிக்கிற பிள்ளை மனசு கோணக்கூடாதே என்பதற்காகவும் “10” என்று எழுதித் தருவார். அந்தப் பத்தை நீ எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஏற்றி, தசமப்புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை முடிவு எடுத்து, தங்க எழுத்தில் பைண்டிங் போட்டுக் கொடுப்பாய். உள்ளே இருப்பது ஒரு நல்ல மனிதரின் சங்கடம் மட்டும்தான். அவர் தூக்கத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இருக்காது.

இந்த ஒரு சிக்கலை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு உன் துறையில் இருக்கிற ஆசிரியர்களிடம் போ. ஒருவர் “ஸ்டாண்டர்டைஸ்டு டூல், அதில் கை வைக்காதே” என்பார். இன்னொருவர் நிமிர்ந்தே பார்க்காமல் “உன் இஷ்டப்படி மாற்றிக்கொள்” என்பார். வேறொருவர் உன்னை உட்காரச் சொல்வார். “கேள்வியை மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போகுமே, அதற்கு என்ன செய்வாய்? தினமும் எழுதுகிற தூக்கக் குறிப்பேடு ஒன்றைச் சேர்க்கலாமா? எந்த ஷிஃப்ட் வாரத்தில் கேட்டாய் என்று பதிவு செய்வாயா?” என்று திருப்பிக் கேட்பார். உனக்கு வியர்க்கும். பதில் தெரியாது. அவரிடம் போய்ச் சேர்! அவர் பெயர் பெற்றவராக இல்லாமல் இருக்கலாம். துறையிலேயே ஜூனியராக இருக்கலாம். உன் கேள்வியை உன்னைவிடக் கவலையோடு பார்த்தாரே, அது போதும்.

இப்படிப்பட்டவர் யார் என்று முன்கூட்டியே விசாரிக்கவும் வழி இருக்கிறது. ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வேட்டில் நெறியாளர் பெயரும் இருக்கும். உன் ஆசிரியர் அங்கே இருந்தால் அவர் மேற்பார்வையில் வந்ததைப் படி. அவரே எழுதிய ஆய்வேடு இருந்தால் அதையும் படி. அதைவிட முக்கியமானது சீனியர்கள். அவர்களிடம் பைண்ட் செய்த பிரதியைக் கேட்காதே. திருத்தங்களோடு கிடக்கிற வரைவைக் கேள். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது? வெறும் டிக் மார்க்கா, ஒற்றுப்பிழைத் திருத்தமா, “இதை எப்படிச் சொல்கிறாய்?” என்ற கேள்வியா? கொடுத்த வரைவு எத்தனை நாளில் திரும்பி வந்தது? ஒரு கைடின் ஜாதகம் அந்தப் பக்க ஓரத்தில்தான் இருக்கிறது.

கருத்து ஒத்துப்போகிறவர்தான் கைடாக வேண்டும் என்று நினைக்கிறாயா? மேமி ஃபிப்ஸ் கிளார்க்கைப் பற்றிக் கேள். 1917இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குக் கணிதம் படிக்கப் போனவர் உளவியலுக்கு மாறினார். அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஃபிரான்சிஸ் சம்னர் வளர்த்த துறை அது. கறுப்பினக் குழந்தைகள் தங்களைத் தாங்களே எப்படிப் பார்க்கிறார்கள் என்று அங்கே முதுகலை ஆய்வு செய்தார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது முனைவர் பட்டத்துக்கு யாரைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? ஹென்றி கேரட்டை! இனப் பிரிவினையை ஆதரித்தவர் அவர். தெரிந்தே, சவாலாகவே மேமி அவரிடம் போனார். 1943இல் பட்டம் வாங்கினார். 1952இல் வர்ஜீனியாவில் பள்ளிப் பிரிவினை வழக்கு நடந்தபோது கேரட் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியத்தை மறுக்க அதே நீதிமன்றத்தில் நின்றவர் மேமி. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்த வழக்குகளில் இந்த வழக்கும் ஒன்று.

எல்லோரும் கேரட்டைத் தேடிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம்னர் துறையில் அஸ்திவாரம் போட்டுக்கொண்ட பிறகுதான் மேமி அவரிடம் போனார் என்பதையும் பார். உன் கருத்தை எதிர்க்கிறவரைக் கண்டு ஓடாதே. ஆனால் உன்னையே மட்டம் தட்டுகிறவர், ஊரையும் சாதியையும் இங்கிலீஷையும் கிண்டல் செய்கிறவர், சொந்த வேலைகளுக்கு உன்னை அனுப்புகிறவர், வேண்டாத நேரத்தில் வேண்டாத மெசேஜ் அனுப்புகிறவர் எவ்வளவு பெரிய மேதையானாலும் அந்தப் பக்கம் திரும்பாதே! ஒதுக்கீட்டில் அவர் பெயர் வந்துவிட்டாலும் துறைத்தலைவரிடம் மாற்றச் சொல்லி எழுத்தில் கொடு. எல்லை மீறினால் கல்லூரியின் உள் புகார்க் குழு இருக்கிறது. அது உனக்காகவே இருக்கிறது.

இனி வாசகர்களுக்கு வருவோம். நம் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். நோகாமல் கையெழுத்துப் போடுகிறவரைத் தேடுகிறார்கள். வண்டியைக் கோத்தவரே அதற்கு ‘ஓகே’ ஸ்டிக்கர் ஒட்டுவதை எந்த ஆலையாவது அனுமதிக்குமா? லைனைவிட்டு இறங்கிய வண்டியை வேறொருவர் முறுக்கிப் பார்க்கிறார், பிரேக்கை அழுத்திப் பார்க்கிறார். உன் ஆய்வேட்டுக்கு அந்த வேறொருவர் வேண்டும். கைடும் நீயும் மாதக்கணக்கில் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், இருவர் கண்ணிலும் படாத ஓட்டை அவர் கண்ணில் படும்.

எண் தெரிந்த ஒருவரைப் பிடி. அவர் உளவியல்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. புள்ளியியல் துறையின் ஆசிரியர் ஒருவர், இத்தனை பேரிடம் கேட்டது போதுமா, இந்தச் சோதனை இந்தத் தரவுக்குப் பொருந்துமா என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். அதைத் தரவு திரட்டுவதற்கு முன்னால் கேள்! எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் அவர் உதடு பிதுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்து, களம் தெரிந்த ஒருவர். ஓய்வுபெற்ற ஆலை நல அலுவலர், தொழிற்சங்கத்தில் காலம் கழித்தவர், மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை செய்கிற உளவியலாளர், விடுதி வார்டன். அதிகாரபூர்வமான வாசகராக அவரை வைக்கக் கல்லூரி விதி இடம் கொடுக்காமல் போகலாம். உன் வினாநிரலை அவரிடம் காட்ட எந்த விதியின் அனுமதியும் தேவையில்லை. படுக்கிற நேரத்தைக் கேட்கிற அந்த முதல் கேள்வியைப் பார்த்ததும் சிரிக்கப் போகிறவர் அவர்தான்.

வெளியிலும் கேள். பெங்களூருவில் நிமான்ஸ் எங்கே இருக்கிறது என்று யோசித்திருக்கிறாயா? ஓசூர் ரோட்டில்! 1954இல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி, 1974இல் மனநல மருத்துவமனையோடு இணைந்து நிமான்ஸ் ஆனது. இந்தியாவின் தலைசிறந்த மனநல ஆய்வு நிறுவனம் உன் ஊர்ப் பெயர் சூட்டிய சாலையில், ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதே சாலையில் கிறைஸ்ட் பல்கலைக்கழகம். இந்தப் பக்கம் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழக உளவியல் துறை. மைசூரில் உளவியல் துறை தொடங்கி நூறு வருடம் கடந்துவிட்டது, 1924இல் எம்.வி. கோபாலஸ்வாமி தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943 முதல் இருக்கிறது. எல்லையில் பிறந்ததைக் குறையாகச் சொல்லித் திரிகிறாயே, இரண்டு மாநிலத்துப் பேராசிரியர்களுக்கும் எழுத முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய்!

எழுது. ஐந்தாறு வரி போதும். நான் யார், எந்தக் கல்லூரி. என் கேள்வி இது. இதுவரை படித்தவை இவை, உங்கள் கட்டுரையில் இந்த இடம் எனக்குப் பயன்பட்டது. நான் சிக்கி நிற்கிற இடம் இது. என் வரைவின் வழிமுறைப் பகுதியை மட்டும், நாலைந்து பக்கம், படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா? எனக்கு இந்தத் தேதிக்குள் தேவைப்படுகிறது. அவ்வளவுதான். “மதிப்பிற்குரிய மாமேதையே” என்று ஆரம்பிக்க வேண்டாம், “தங்கள் மேலான வழிகாட்டுதலை நாடி” என்று முடிக்கவும் வேண்டாம். வெளியே எழுதுகிறாய் என்பதை உன் கைடிடம் முதலிலேயே சொல்லிவிடு. ஒளித்துச் செய்தால் அவர் மனம் கசந்துவிடும்.

இங்கிலீஷ் தப்பாகப் போய்விடுமே என்று பயமா? தெலுங்கில் அம்மாவோடு பேசி, கன்னடத்தில் பஸ் கண்டக்டரோடு பேசி, தமிழில் தேர்வு எழுதுகிற நீயா பயப்படுவது? மற்றவர்கள் ஆள் வைத்து மொழிபெயர்க்க வேண்டிய நேர்காணலை நீ நேரடியாக எடுத்துவிடுவாய். அதைக் கடிதத்திலேயே எழுது. ஆய்வாளர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

பதில் வராமலும் போகும். மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கும் அதுதான் நடந்தது. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணிதவியலாளர்களுக்கு எழுதினார், கை கொடுப்பார் இல்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு அதே கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். கடிதத்தின் மதிப்பை ஹார்டி தனியாகத் தீர்மானிக்கவில்லை, சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டிடம் காட்டினார். அவ்வளவு பெரிய மனிதருக்கே இன்னொரு வாசகர் தேவைப்பட்டார்!

பதில் சொல்கிறவரின் சம்மதம் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் கைடிடம் விட்டுக்கொடுக்காதே. “என் நண்பர் ஆலையில் ஹெச்ஆர், நூறு ஃபார்ம் நிரப்பிக் கொடுத்துவிடுவார்” என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வா. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, மன அழுத்தத்தைப் பற்றிய கேள்விக்கு எந்தத் தொழிலாளி உண்மை எழுதுவார்? அவர் இஷ்டப்பட்டுச் சம்மதித்தாரா, இஷ்டமில்லை என்றால் எழுந்து போக முடிந்ததா என்று கேட்காத ஆய்வு ஆய்வே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் சமூக, நடத்தை ஆய்வுகளையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. பிஹெச்கியூ-9 என்ற மனச்சோர்வு வினாநிரலின் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் தேவலை, என்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் எத்தனை நாள் வந்தது என்று கேட்கிறது. விடுதியில் தனியாக இருக்கிற ஒரு பெண் அதற்கு ‘சில நாட்கள்’ என்று குறித்தால் அன்று சாயங்காலமே என்ன செய்வாய்? 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாயா, யாரிடம் அழைத்துப் போவாய், யாருக்குச் சொல்வாய்? இதை உன் கைடிடம் முதல் சந்திப்பிலேயே கேள். பதில் இல்லாதவரிடம் அந்த வினாநிரலோடு போகாதே.

ஜெராக்ஸ் கடையில் ரெடிமேட் ப்ராஜெக்ட் கிடைக்கிறது என்று உன் நண்பன் சொல்வான். எனக்குக் கோபம் பொங்குவது அவன்மேல் இல்லை, அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கையெழுத்திடுகிற பேனாமேல். ஆனர்ஸ், முதுகலை, முனைவர் பட்டம் என்று நீ மேலே போகிற ஒவ்வொரு வாசலிலும் “நீ செய்த ஆய்வைப் பற்றிச் சொல்” என்பார்கள். விலைக்கு வாங்கினவனால் இரண்டாவது கேள்விக்கு நிற்க முடியாது. நீ நிற்பாய். தூக்க வினாநிரலின் முதல் கேள்வி ஏன் ஓசூரில் செல்லாது என்று சொல்லத் தொடங்கினால் நேர்காணல் அறையில் உன்னை யார் நிறுத்துவார்கள்?

கடைசிப் பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே இந்த வேலையில் இறங்கு. லிஸ்ட் ஒட்டிய பிறகு மாற்றம் கேட்பது சிரமம், ஒட்டுவதற்கு முன்னால் “நான் இன்னாரிடம் பேசிவிட்டேன், அவருக்கும் சம்மதம்” என்று துறைத்தலைவரிடம் ஒரு தாள் கொடுப்பது எளிது. இன்றைக்கு ராத்திரி உன் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுது. நாளை மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமுக்குப் போ. “பத்து நிமிஷம் வேண்டும், ஒரு சிக்கல் இருக்கிறது” என்று கேள். “என்னிடம் ஏற்கெனவே எட்டு பேர் இருக்கிறார்கள்” என்று அவர் சொன்னால் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பாதே. “அப்படியென்றால் இந்தக் கேள்விக்கு நான் யாரைப் பார்க்க வேண்டும், மேடம்?” என்று கேட்டு, அவர் சொல்கிற பெயரை அங்கேயே எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போ!